புண் ஆறிய பிறகு

ஒரகடம்
5.10.2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ அனுப்பிவிட்டு உடனே அழித்த மெசேஜை, அழிப்பதற்குள் படித்துவிட்டேன். "இப்படியே இருந்துடுமாக்கா? இனிமே வேலைக்கு வர முடியுமா?" என்று கேட்டிருந்தாய். காலையில் போன் செய்தால் "ஒண்ணுமில்லக்கா, பரவால்ல" என்கிறாய். பக்கத்தில் அம்மா, திண்ணையில் பெரியப்பா, ஸ்பீக்கரில் என் குரல். அங்கே நீ வேறு என்ன சொல்ல முடியும்? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நாளைக்கு மாமா ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எல்லாரும் படுத்த பிறகு படி.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்படியே இருக்காது. உனக்குச் செய்தது மூலத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுகிற ஆபரேஷன். லண்டனில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் மில்லிகன், மார்கன் என்று இரண்டு சர்ஜன்கள் 1937-இல் எழுதி வைத்த முறை. இன்றைக்கும் பெரிய மூலத்துக்கு அதைப் பரவலாகச் செய்கிறார்கள். தையல் இல்லாத புண் அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூட வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடும். நீ இப்போது இரண்டாவது வாரத்தில் இருக்கிறாய். வெளிக்குப் போகும்போது உயிர் போகிற மாதிரி வலிப்பது ஆபரேஷன் கெட்டுப்போனதால் இல்லை. ஆசனவாயைச் சுற்றி வளையம் போல ஒரு தசை இருக்கிறது. புண்ணில் மலம் உரசியதும் அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. போய்விட்டு வந்து அரை மணி, ஒரு மணி நேரம் விண்ணென்று தெறிப்பது அந்த இறுக்கம்தான். வெந்நீரில் உட்காரச் சொன்னது அதைத் தளர்த்துவதற்கு. ஒவ்வொரு முறை போய்வந்த உடனும், படுக்கும் முன்பும், பத்துப் பதினைந்து நிமிஷம். கை பொறுக்கிற சூடு போதும். டெட்டாலும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். அம்மா வேப்பிலை போட வந்தால் நான் சொன்னதாகச் சொல்லித் தடுத்துவிடு. அப்புறம், வலிக்குப் பயந்து மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்காதே. குறைத்தால் மலம் கெட்டியாகும். அது அடுத்த முறை இன்னும் கிழிக்கும்.

பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் சிலருக்குத் திடீரென்று ரத்தம் கொட்டும். துடைக்கும்போது ஒட்டுகிற சிவப்பு அல்ல. கட்டி கட்டியாக, நிற்காமல் வருவது. அப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. அம்மாவை எழுப்பு, ஆட்டோ பிடி, ஆரணி அரசு மருத்துவமனைக்குப் போ. குளிர்ஜுரம் வந்தாலும், சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலும் அதே மாதிரிதான். இதில் வெட்கம் பார்க்கக் கூடாது.

இனி உன் இரண்டாவது கேள்வி. இதைத்தான் நான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை முடிந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அளப்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஐந்தே கேள்விகள். நடமாட முடிகிறதா, குளிப்பது உடுத்துவது போன்றவற்றைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, அன்றாட வேலை நடக்கிறதா, வலி எவ்வளவு, மனசில் கவலையோ சோர்வோ இருக்கிறதா. மூலத்துக்குச் செய்யும் சிகிச்சைகளை ஒப்பிடுகிற பெரிய ஆராய்ச்சிகளிலும் இதைத்தான் கேட்கிறார்கள். "வைஷ்ணவியோட அத்தைக்கு ஸ்டேப்ளர் போட்டாங்களாம், வலியே இல்லையாம், எனக்கு மட்டும் ஏன் வெட்டினாங்க" என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கு அழுதாய் இல்லையா? அதற்கான பதிலும் அந்த ஐந்து கேள்விகளுக்குள் இருக்கிறது. பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 777 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்டேப்ளர் கருவியால் செய்யும் ஆபரேஷனும் இன்னொரு பிரிவுக்கு உன்னைப் போல வெட்டி எடுக்கும் ஆபரேஷனும் செய்தார்கள். 2016-இல் லான்செட் இதழில் அது வந்தது. முதல் சில வாரம் ஸ்டேப்ளர் போட்டவர்களுக்குத்தான் வலி குறைவு, அது உண்மை. ஆனால் இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தபோது வெட்டி எடுத்தவர்களின் வாழ்க்கைதான் அந்த ஐந்து கேள்விகளிலும் சேர்ந்து மேலாக இருந்தது. அவர்களில்தான் குறைவான பேருக்கு மூலம் திரும்ப வந்தது. உன் சர்ஜன் உன் முதல் மாசத்தைப் பார்க்கவில்லை, அடுத்த பல வருஷத்தைப் பார்த்திருக்கிறார். நெடுஞ்சாலை ஓரத்தில் "வலியில்லாமல், ஒரே நாளில், ஆபரேஷன் இல்லாமல்" என்று எழுதியிருக்கிற போர்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த ஒரே நாளுக்கு அடுத்த நாளைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

அப்படி ஒரு போர்டை நம்பிப் போன ஒடிசாப் பையன் ஒருவன் போன மாசம் எங்கள் தொழிற்சாலை மருத்துவ அறைக்கு வந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சீட்டில் உட்கார முடியாமல் ஒரு பக்கத் தொடையை மட்டும் ஊன்றி, உடம்பைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அங்கே என்னவோ மருந்து வைத்து எரித்திருக்கிறார்கள். மூலம் கருகியதோடு சேர்ந்து சுற்றியிருந்த நல்ல தோலும் போய், வழியே சுருங்கிவிட்டது. பென்சில் கனத்துக்குத்தான் மலம் வருகிறது என்பதைச் சொல்ல அவனுக்குத் தமிழ் வரவில்லை, எனக்கு அவன் மொழி வரவில்லை. மேஜையில் இருந்த என் பென்சிலை எடுத்துக் காட்டினான். இப்போது அதைச் சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் இரண்டு மாசமாகக் கடனில் இருக்கிறான்.

நீ ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ரப்பர் வளையத்திலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னது உன் மனசைக் குத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும். அதை விட்டுவிடு. உள்ளே இருக்கிற சின்ன மூலத்தின் அடியில் வளையத்தை மாட்டுவார்கள். அந்த இடத்தில் வெளித்தோல் மாதிரி வலி உணரும் நரம்பு கிடையாது, அதனால் மயக்க மருந்துகூடத் தேவையில்லை. ரத்தம் போகாமல் சுருங்கி ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். சுலபமான சிகிச்சைதான். ஆனால் பிரிட்டனில் அதே 2016-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், ஒரே ஒரு முறை வளையம் போட்டவர்களில் 49 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தொந்தரவு திரும்பியிருந்தது. ரத்தக்குழாயைக் கண்டுபிடித்துக் கட்டும் முறையில்கூட 30 சதவீதம். ஆக எந்தச் சிகிச்சையும் சிகிச்சையோடு முடிந்துவிடுவதில்லை. திரும்பி எந்த வாழ்க்கைக்குப் போகிறோம் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

மூலம் என்பது உனக்கு மட்டும் புதிதாக முளைத்த கட்டி அல்ல, பாப்பா. ஆசனவாய்க்குள் மூன்று இடங்களில் ரத்தக்குழாய் நிறைந்த மெத்தென்ற திட்டுகள் பிறக்கும்போதே எல்லாருக்கும் இருக்கின்றன. குழாய்க்குள் வாஷர் மாதிரி, காற்றும் நீரும் கசியாமல் மூடி வைப்பது அவற்றின் வேலை. மலச்சிக்கலும் வருஷக்கணக்கில் முக்குவதும் சேர்ந்து அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற நார்த்திசுவைத் தளர்த்திவிடுகின்றன. தளர்ந்ததும் திட்டு கீழே இறங்குகிறது, உரசுகிறது, ரத்தம் வருகிறது. கடைசியில் உனக்கு ஆன மாதிரி கையால் உள்ளே தள்ள வேண்டிய நிலைக்கு வருகிறது. இதில் கோழிக்கறியும் இல்லை, உடம்புச் சூடும் இல்லை, நீ செய்த பாவமும் இல்லை.

உனக்கு ஏன் மலம் இறுகியது? இதைத்தான் அந்த ஐந்து கேள்விகளில் எதுவும் கேட்கவில்லை.

உன் லைனில் நாற்பது பேருக்கு ஒரு ரிலீவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கையைத் தூக்கினால் லைன் லீடர் பார்ப்பார், ரிலீவர் வேறு யாருடைய இடத்திலோ நிற்பாள். அவள் வந்தால்தான் நீ நகரலாம். போய்வருவதற்குள் டார்கெட் பின்னால் போனால் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் நீயும் உன்னோடு வேலை செய்கிற பெண்களும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். காலையில் பஸ் ஏறும் முன் தண்ணீர் குடிப்பதில்லை. வேலை நேரத்திலும் தொண்டை நனையும் அளவுக்குத்தான். வருவதை அடக்கிக்கொள்வது. குடல் சொல்கிற நேரத்தில் போகாமல் அடக்கினால் மலத்தில் இருக்கிற நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் சொல்வதையே நிறுத்திவிடும். ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருந்தால் அதற்கு ஒரு நேரம்தான் எப்படிப் பழகும்? ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தால் பாத்ரூம் வாசலில் வரிசை. உள்ளே போனவளுக்குப் பின்னால் மூன்று பேர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது முக்காமல் யார் இருப்பார்கள்?

எங்கள் மருத்துவ அறை நோட்டில் "வயிற்று வலி" என்று எழுதியிருக்கிற பெயர்களை எடுத்துப் பார்க்கிறேன். உள்ளே வந்ததும் வயிற்று வலி என்பார்கள். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள், நின்றுகொண்டே பேசுவார்கள். அங்கேதான் எனக்குப் புரியும். சிலருக்கு மூலமே இல்லை, ஆசனவாயில் வெடிப்பு. கண்ணாடி அறுப்பது போல வலிக்கும், அதற்கு மருந்து வேறு. சிலருக்கு ரத்தம் போய்ப் போய் உதடெல்லாம் வெளுத்திருக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பாதிக்குப் பாதிப் பெண்கள் ஏற்கெனவே குறைந்த ரத்தத்தோடு நிற்கிற இடத்தில், மாசாமாசம் போவதோடு இதுவும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு வருஷமாக நீ சொன்னதற்கு, உன் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்த அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே. மலம் கறுப்பாகப் போனால் அது மாத்திரையால்தான், பயப்படாதே. அது மலத்தைக் கொஞ்சம் இறுக்கும், அதனால் கூடவே இசப்கோல்.

ஆகவே என் ஆறாவது கேள்வி இதுதான்: உடம்பு கேட்கிற நேரத்தில் எழுந்து போக உன்னால் முடிகிறதா? நீ வேலைக்குத் திரும்புகிற அன்றையிலிருந்து நான் உன்னிடம் தினமும் கேட்கப்போவது இதைத்தான். வலி எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டேன். வலி போய்விடும். ஆனால் நான்கு வாரம் லீவு எடுத்துப் புண்ணை ஆற்றிக்கொண்டு மறுபடியும் அடக்கிக்கொண்டு நிற்கப் போனால் இந்த ஆபரேஷனை எதற்குச் செய்தோம்?

இதை யாரோ மனசு வைத்துத் தருகிற சலுகை என்று நினைக்காதே. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தொழிலாளி தொழிற்சாலைக்குள் இருக்கிற எல்லா நேரத்திலும் போய்வரக்கூடியபடி கழிவறை இருக்க வேண்டும் என்கிறது. டீ டைமில் என்று அதில் இல்லை. எல்லா நேரத்திலும் என்றுதான் இருக்கிறது. 18-ஆவது பிரிவு குடிநீரைப் பற்றி. கழிவறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் குடிநீர் வைக்கக் கூடாது, தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குப் புரிகிற மொழியில் "குடிநீர்" என்று எழுதி வைக்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து எழுதியிருக்கிறார்கள். நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார இருக்கை வேண்டும் என்று 44-ஆவது பிரிவு. துணிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை 2021-இல் சட்டமானபோது பேப்பரெல்லாம் எழுதினார்கள். தொழிற்சாலையில் அது எழுபது வருஷத்துக்கு முன்பே இருந்தது. இங்கே குறைவது சட்டம் அல்ல, இன்னும் இரண்டு ரிலீவர்கள்.

ஹாஸ்டல் விஷயமும் அப்படித்தான். 2021 டிசம்பர் உனக்கு நினைவிருக்கும், நீ வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருஷம். தொழிற்சாலை விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போக, மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பெண்கள் எங்கே படுக்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம் என்பதெல்லாம் வெளியே பேச்சானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்குகிற விடுதியைத் திறந்தார்கள். நல்லதுதான், மனசாரச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்கள் யாரும் தங்களுக்காக மட்டும் உட்காரவில்லை.

ஒன்று மட்டும் உன் கையில் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். போன். ஷாப் ஃப்ளோருக்குள் போன் கிடையாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகிறீர்கள். ரூமில் எட்டுப் பேர். தனியாக ஒரு ஆளோடு பத்து வார்த்தை பேச வேண்டுமென்றால் உனக்குக் கிடைக்கிற ஒரே தாழ்ப்பாள் பாத்ரூம் தாழ்ப்பாள்தான். நான் குறை சொல்லவில்லை, யாரோடு பேசுகிறாய் என்றும் கேட்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 125 பேரைப் பரிசோதித்து, கழிவறையில் போன் பார்க்கிறவர்களுக்கு மூலம் இருக்கிற வாய்ப்பு 46 சதவீதம் கூடுதல் என்று போன மாசம்தான் வெளியிட்டிருக்கிறார்கள். போன் பார்க்கிறவர்களில் 37 சதவீதம் பேர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காருகிறார்கள், பார்க்காதவர்களில் 7 சதவீதம்தான். அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் அந்தத் திட்டுகளுக்குத் தாங்கல் இல்லாமல் ரத்தம் தேங்குகிறது. பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடிக்கு வா. நானும் மாமாவும் கீழேயே இருக்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் நானே பேசிவிட்டேன். பத்தியம் என்று உனக்கு வெறும் ரசம் சாதமும் பிரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். நார்ச்சத்தைக் கூட்டினாலே மூலத்தில் ரத்தம் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று ஏழு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நம் கொல்லையே போதும். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், மதியம் கீரை, சாயங்காலம் ஒரு கொய்யா. துத்திக்கீரையை வேலி ஓரத்திலிருந்து பறித்து வதக்கித் தந்தால் சாப்பிடு, கீரையாக நல்லதுதான். ஆனால் அரைத்துப் புண்ணில் கட்ட வந்தால் விடாதே. கருணைக்கிழங்கு மசியலும் தாராளமாகச் சாப்பிடலாம். புரட்டாசி முடிந்ததும் கறி வேண்டுமென்றால் அதையும் சாப்பிடு, கூடவே காய் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலை எழுந்ததும் ஒரு சொம்பு வெந்நீர் குடித்துவிட்டு, வருகிறதோ இல்லையோ, ஒரே நேரத்தில் போய்ப் பழகு. முக்காதே. வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடு. மாமா வாங்கி வருகிற கமோடு ஸ்டூலில் உட்காரும்போது காலுக்கு அடியில் மணையைப் போட்டுக்கொள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருந்தால் சுலபமாக இருக்கும்.

அக்கம்பக்கத்தில் உனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று அம்மா சொல்லி வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தை மாசத்தில் பெண் பார்க்க வருவார்கள் என்ற பயம் அவளுக்கு. அவளைத் திட்டாதே, அவள் காலத்து வெட்கம் அது. ஆனால் நீ அந்த வெட்கத்தை உனக்குள் எடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை யாராக இருந்தாலும் ஒருநாள் நீயே சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் பிள்ளை உண்டாகும்போது இது பல பெண்களுக்கு வருகிறது, உனக்கும் திரும்ப எட்டிப் பார்க்கலாம். அப்போது கீரை வாங்கி வருகிறவனாகவும், டாக்டரிடம் கூட வந்து நிற்கிறவனாகவும் இருக்க வேண்டும். சொன்னதும் முகம் சுளிக்கிறவன் நமக்கு வேண்டாம். 1835-இல் ஃபிரெடெரிக் சால்மன் என்கிற டாக்டர் லண்டனில் ஏழே படுக்கையோடு ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை ஆரம்பித்தார். பவுத்திரமும் மற்ற மலக்குடல் வியாதிகளும் வந்த ஏழைகளுக்கென்று வாசலிலேயே பெயர் வைத்து ஆரம்பித்தார். அதுதான் பிறகு உன் ஆபரேஷன் பிறந்த செயின்ட் மார்க்ஸ். பெரிய எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ்கூட 1841-இல் பவுத்திரத்துக்கு அந்த சால்மனிடம்தான் போனார். கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால் வாசலில் எழுதி வைத்ததை நாம் இன்றைக்கும் காதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் அதுவும் உன்னைத் தூங்கவிடாது என்று தெரியும். நீ கான்ட்ராக்ட் என்பதால் ஒன்றும் கிடைக்காது என்று உன் சூப்பர்வைசர் சொன்னது தப்பு. மாசாமாசம் சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள், உன் சம்பளம் 21,000-க்குக் கீழே. போன அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்குமான ஆறு மாசத்தில் 78 நாளுக்குக் குறையாமல் உனக்குப் பணம் கட்டியிருந்தால், இப்போது நீ எடுக்கிற மருத்துவ விடுப்புக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் வரும். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிடையாது. நீ ஒரு நாள்கூட லீவு போடாமல் ஓ.டி. பார்த்த ஆறு மாசம் அது, 78 தாண்டியிருக்கும். இன்னொன்றையும் மனசில் வை. அந்தப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிற காலத்தில் நோய்க்காக உன்னை வேலையை விட்டு நிறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவில் இருக்கிறது. அதனால் "தீபாவளிக்குள்ள வரலேன்னா வேற ஆள் போட்டுடுவேன்" என்று போன் வந்தால் நீ பதில் பேசாதே. என் நம்பரைக் கொடு.

வேலைக்கு வர முடியுமா என்று கேட்டாய். முடியும், பாப்பா. உன்னை மாதிரி ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலோர் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். உன்னை நான் அவசரப்படுத்த மாட்டேன். உன் கம்பெனி மருத்துவ அறையில் இருக்கிற சிஸ்டர் எனக்குப் பழக்கம், பேசிவிட்டேன். முதல் மாசம் நைட் ஷிப்ட் வேண்டாம், பெட்டி தூக்குகிற இடத்தில் போட வேண்டாம், கேட்கிற நேரத்தில் ரெஸ்ட் ரூம் விட வேண்டும் என்று சர்ஜனிடமே எழுதி வாங்கி வந்தால் ஹெச்.ஆருக்குத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எழுத்தில் இருந்தால் லைன் லீடருக்கும் சுலபம். அந்தப் பையனும் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவன்தானே. உன்னோடு நிற்கிற பெண்களிடமும் நடந்ததை நடந்தபடியே சொல். அப்பெண்டிக்ஸ் என்று அவர்களிடமும் சொல்லிவிடாதே. அவர்களில் யாருக்கோ இப்போதே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். நீ சொன்னால் அவள் ரப்பர் வளையத்தோடு தப்பித்துக்கொள்வாள். ரத்தம் வந்தாலே மூலம்தான் என்று தானே முடிவு கட்டாமல் ஒருமுறை டாக்டரிடம் காட்டச் சொல். குடலில் புற்றுநோய் வந்தாலும் அப்படி ரத்தம் வரலாம்.

இங்கே ஆயுத பூஜை நன்றாக நடந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, கேட் வாசலில் பூசணி உடைத்தார்கள். பொரி கடலைப் பொட்டலம் உனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பொரியை அளவாகச் சாப்பிடு, கடலை எவ்வளவு வேண்டுமானாலும்.

கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை ரிவ்யூவுக்கு நான் லீவு சொல்லிவிட்டேன். பஸ் வேண்டாம், மாமா கார் ஏற்பாடு செய்கிறார். முன் சீட்டைச் சாய்த்துப் படுத்த மாதிரி வா. நான் ஸ்ரீபெரும்புதூரில் ஏறிக்கொள்கிறேன். டாக்டர் அறைக்குள் நானும் வருவேன், ஆனால் பேச வேண்டியது நீதான். என்னென்ன கேட்க வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் வழியிலேயே எழுதிக்கொள்ளலாம்.

பதில் எழுதி ஒட்டி மாமாவிடமே கொடு. அவர் பிரிக்க மாட்டார்.

உன் அன்பு அக்கா

பி.கு.: இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மூன்று மாசச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வை. பேங்க் பாஸ்புக் முதல் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள், 70 சதவீதப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.